பட்டினமும் பாலையும்: பண்டப் பெருக்கமும் பழங்கால ஏக்கமும்

முதியோர் சிலர் ஓரிடத்துக் கூடியிருப்பின், அவர்தம் உரையாடல் சிறிது பொழுதிலே 'அந்தக் காலம்' என்னும் துறையை வந்தடைதல் உலகத்து இயல்பு. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு கடை இருந்தது. கடையிலே ஒரு வகைச் சவர்க்காரம் இருந்தது. ஆண்டிற்கு ஒரு முறை புத்தாடை வந்தது. அந்த ஒன்றிலே மனம் நிறைந்தது. இந்தக் காலத்திலோ, பற்பசை ஒன்றை வாங்கச் சென்றவர் இருபது வகைப் பற்பசைகளின் முன்னே நின்று திகைக்கின்றார். கைத்தொலைபேசியைத் திறந்தாற் செருப்பு ஒன்றற்கு நூற்றுக்கணக்கான படங்கள் வந்து குவிகின்றன. வாங்கி வீட்டுக்கு வந்த பின்னரும் 'மற்றதை வாங்கியிருக்கலாமோ' என்னும் ஐயம் நெஞ்சை அரிக்கின்றது. 'அந்தக் காலமே நற்காலம்' என்று முடித்துப் பெருமூச்செறிவர் பெரியோர். இப்பெருமூச்சு அவர்க்கு மட்டும் உரியதன்று. அக்காலத்தைக் கண்ணாற் காணாத மாணவர்களும் இன்று இதனைக் கடன்வாங்கி விடுகின்றனர்.

இப்பெருமூச்சினை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று. ஆயின், அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ளுதலும் ஆராய்ச்சி நெறியாகாது. பெருமூச்சும் ஒரு வகைக் கூற்றே. கூற்று எனின், அதனை நோக்கிச் சில வினாக்களை எழுப்புதல் தகும். ஏங்கப்படுவது எக்காலம்? அக்காலத்து எளிமை யாருக்கு எளிமையாய் இருந்தது? ஏங்குவோர் உண்மையில் எதனை இழந்தனர்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணுதற்குப் பழந்தமிழ்ப் பாட்டொன்று பெருந்துணை புரிகின்றது. அது பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பட்டினப்பாலை. பண்டப் பெருக்கத்தைத் தமிழில் அதனினும் விரிவாகப் பாடிய பழைய நூல் அரிது. அப்பெருக்கத்தின் நடுவே நின்று 'இது வேண்டா' என்று சொல்லும் ஒரு நெஞ்சினையும் அப்பாட்டே நமக்குக் காட்டுகின்றது.

முதற்கண் ஏக்கம் என்பதன் வகையினைத் தெளிதல் வேண்டும். 1688 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யொகான்னஸ் ஓபர் என்னும் மருத்துவ மாணவர் ஓர் ஆய்வேடு எழுதினார். பிறந்த நாட்டை விட்டுப் பிற நாட்டில் வாழ்வோர் வீடு திரும்ப வேண்டும் என்னும் நினைவினால் உடல் மெலிந்து வருந்துவதை ஒரு நோயாகக் கொண்டு, 'திரும்புதல்', 'துன்பம்' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, நொஸ்ரால்ஜியா என்று அதற்குப் பெயரிட்டார். நோய்ப் பெயராய்ப் பிறந்த அச்சொல், பிற்காலத்தில் இடத்தை விட்டுக் காலத்தைப் பற்றிக்கொண்டது. ஈழத்திலே எஸ். பொ. தம் நூலொன்றிற்கு இட்ட 'நனவிடை தோய்தல்' என்னும் தலைப்பு, இப்பொருளைக் குறிக்கும் வழக்காகவே நிலைத்துவிட்டது. இடத்தை இழந்தவன் வண்டியேறித் திரும்பலாம்; காலத்தை இழந்தவனுக்குத் திரும்பும் வழியில்லை. ஆதலாற் கால ஏக்கம், தன் பொருளைத் தானே புனைந்துகொள்ளும் இயல்பினது. சென்று பார்த்து ஒப்புநோக்க இயலாமையின், அப்புனைவினைத் திருத்துவாரும் இல்லை.

இவ்வியல்பினை ஆங்கில இலக்கியத்தின்கண் நுணுகி ஆராய்ந்தவர் ரேமண்ட் வில்லியம்ஸ். 1973 ஆம் ஆண்டு வெளிவந்த 'நாட்டுப்புறமும் நகரமும்' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலிலே அவர் ஒன்றை எடுத்துக்காட்டினார். தம் காலத்து எழுத்தாளர் 'நேற்று வரை பழைய நல்வாழ்வு இருந்தது' என்றனர். அந்த 'நேற்று' என்னும் காலத்தைத் திறந்து பார்த்தால், அக்காலத்து எழுத்தாளரும் 'எம் தந்தையர் காலத்தில் இருந்தது' என்றே எழுதியிருந்தனர். தந்தையர் காலத்துக்குச் சென்றால், அவர்கள் பாட்டனார் காலத்தைச் சுட்டினர். இவ்வாறு படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றால், ஈற்றில் ஏதேன் தோட்டத்தைத் தவிர வேறு நிற்குமிடம் இல்லை. எனவே 'எக்காலம்?' என்னும் முதல் வினா விளையாட்டு வினாவன்று.

பழந்தமிழ்ச் சான்றோரும் இறந்த காலத்தை எண்ணி ஏங்கினர். புறநானூற்றின் 243 ஆம் பாட்டிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதியவர், மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய மகளிரோடு கைகோத்து ஆடியதையும், நீர்மேற் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்குமாறு ஆழத்திற் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததையும் நினைந்து, இருமலும் தடியுமாய் இருக்கும் தம் நிலைக்கு இரங்குகின்றார். 112 ஆம் பாட்டிலே பாரி மகளிர், ஒரு திங்களின் முன் தந்தையும் குன்றும் தமக்கு இருந்ததையும், இத்திங்களில் இரண்டும் இல்லாமற் போனதையும் ஒரே நிலவினைச் சாட்சியாக வைத்துச் சொல்கின்றனர். முன்னையது இளமைக்கு இரங்கிய இரக்கம். பின்னையது உற்றாரையும் ஊரையும் இழந்த இரக்கம். இரண்டிலும் இழக்கப்பட்டது இன்னது என்பது ஐயமறப் புலனாகின்றது. பண்டம் குறைவாய் இருந்த காலம் நற்காலம் என்னும் ஏக்கத்தை இவ்விரு பாட்டுக்களிலும் காணமுடியாது. இன்று நாம் 'அந்தக் கடை', 'அந்தச் சவர்க்காரம்' என்று ஏங்கும்போதும், உண்மையில் விழுத்தண்டினாரைப் போல இளமைக்கோ, பாரி மகளிரைப் போல இறந்துபட்டார்க்கோ ஏங்குகின்றோமா என்பது எண்ணிப் பார்க்கற்பாலது. தாயார் கையால் வாங்கித் தந்த ஒரு மிட்டாயின் இனிமை மிட்டாயில் இருந்ததா, தாயாரில் இருந்ததா என்பதே வினா.

இனிப் பட்டினப்பாலைக்கு வருவோம். கரிகாற் பெருவளத்தானைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இப்பாட்டு 301 அடிகளை உடையது. வஞ்சிநெடும்பாட்டு என்றும் பெயர் பெறும். இதற்குப் பரிசிலாகப் பதினாறு நூறாயிரம் பொன் வழங்கப்பட்டது என்று பிற்காலத்துக் கலிங்கத்துப்பரணி கூறும். 1889 இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பின்னர், மறைமலையடிகள் 1906 இல் இதற்கெனத் தனியே ஓர் ஆராய்ச்சியுரை வகுத்தார்.

பாட்டின் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தினைக் கூறுகின்றது. வளம் என்று பொதுப்படச் சொல்லிப் போகாமற் புலவர் அதனைச் சிறு காட்சிகளாற் காட்டுகின்றார். முற்றத்தில் உலரும் உணவைக் கவரவரும் கோழியை ஓட்டுதற்கு மனையிற் பெண்கள் காதிற் கிடந்த கனத்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். எறிந்த குழை, சிறுவர் குதிரையின்றி உருட்டி விளையாடும் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கின்றது. பொன் கல்லைப் போல எறியப்படும் இடத்திலே, பொன்னின் பெருக்கத்தை வேறு சொற்களாற் கூறவேண்டியதில்லை. துறைமுகத்திலோ, கடல்நீரை முகந்த முகில் மலையிற் பொழிவதும், மலையிற் பொழிந்த நீர் மீண்டும் கடலிற் கலப்பதும் போல, நீரினின்று நிலத்துக்கும் நிலத்தினின்று நீருக்கும் பண்டங்கள் அளவின்றி ஏறியும் இறங்கியும் செல்கின்றன. சுங்கம் கொள்வோர் புலிச்சின்னம் பொறித்து அவற்றைப் புறத்தே அடுக்குகின்றனர். அவ்வடுக்குகளின் மேல் நாய்களும் ஆட்டுக்கடாக்களும் துள்ளித் திரிவது, மலைச்சாரலிலே வரையாடுகள் திரிவது போலத் தோன்றுகின்றது.

தெருக்களிற் குவிந்தவற்றின் நிரலும் குறிக்கத்தக்கது. கடல் வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, வடமலைப் பொன்னும் மணியும், மேற்கு மலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடற் பவளம், கங்கையின் பொருள், காவிரியின் விளைவு, ஈழத்திலிருந்து வந்த உணவு, காழகத்துச் செல்வம் என்பன அங்கே மயங்கிக் கிடக்கின்றன. காழகத்தைக் கடாரம் என்பர் நச்சினார்க்கினியர். நம் நாட்டின் பெயர் அக்கடைத்தெருவின் பண்டப்பட்டியலில் உணவோடு சேர்த்துக் கூறப்படுதல் நமக்கு மகிழ்ச்சி தருவதே. பண்டங்களின் பன்மை இக்காலத்துப் புதுமையன்று. அப்பன்மையில் நாமும் தொன்றுதொட்டே பங்காளர் என்பது இதனாற் போதரும்.

இவ்வளவும் கூறிய பின்னர்ப் புலவர் ஒரு திருப்பம் வைக்கின்றார். இத்துணை நேரமும் பேசியவன் பொருள் தேடப் பிரிய எண்ணிய ஒரு தலைவன். அவன் தன் நெஞ்சினை நோக்கி, இப்பட்டினம் முழுவதையும் பெறுவதாயினும் இவளைப் பிரிந்து நான் வாரேன் என்கின்றான். மேலும் கரிகாலனது வெற்றியையும் ஆட்சியையும் விரித்துரைத்த பின்னர், தான் கடக்கவேண்டிய காடு அம்மன்னன் பகைவர்மேல் ஓச்சிய வேலினும் கொடிது என்றும், இவள் தோள்களோ அவனது செங்கோலினும் குளிர்ந்தன என்றும் சொல்லி முடிக்கின்றான்.

இப்பாட்டின்மேல் வழக்கமாகக் கூறப்படும் குறை ஒன்றுண்டு. முந்நூற்றொரு அடிகளிற் பாலைக்குரிய பொருள் சில அடிகளே. மற்றவை எல்லாம் பட்டினமும் பட்டினத்து மன்னனும். ஆகவே அகப்பொருள் என்பது மன்னன் புகழைப் பாடுதற்குத் தேடிய ஒரு சாட்டு என்பர். மன்னனைப் பாடிப் பரிசில் பெறும் மரபிற் பிறந்த பாட்டு இது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும், அளவின் ஏற்றத்தாழ்வே இங்குப் பொருளுணர்த்துகின்றது என்பது எமது கருத்து. தராசின் ஒரு தட்டிலே குதிரையும் மிளகும் பொன்னும் முத்துமாகப் பல நூறு பண்டங்கள். மற்றத் தட்டிலே ஒருத்தி. பண்டத் தட்டினைப் புலவர் எவ்வளவு நிறைக்கின்றாரோ, அவ்வளவுக்கு மற்றத் தட்டின் கனம் மிகுகின்றது. வறிய சிற்றூரை விட்டு வரமாட்டேன் என்பதிற் சிறப்பில்லை. வேண்டுவன எல்லாம் கிடைக்கும் பட்டினத்தை முன்வைத்து 'வேண்டா' என்பதிலேதான் தெரிவு பிறக்கின்றது.

இத்தலைவன் பழங்காலத்தை நினைந்து ஏங்கவில்லை என்பதும் நோக்கற்பாலது. இத்துணைப் பண்டங்கள் இல்லாதிருந்தால் என் நெஞ்சு கலங்கியிராதே என்று அவன் புலம்பவில்லை. பண்டங்களைப் பழிக்கவுமில்லை, வியந்து பாராட்டுகின்றான். பாராட்டிய வாயாலேயே மறுக்கவும் செய்கின்றான். பன்மை அவனை மயக்காமைக்குக் காரணம், தனக்கு எது பெரிது என்பதை அவன் முன்னரே அறிந்திருத்தல். அப்பெருக்கத்தின் விலையினையும் பாட்டு மறைக்கவில்லை. கரிகாலன் அழித்த பகைவர் நாடுகளிலே வயல்கள் பாழாகி, மன்றங்களிலே ஆந்தை அலறும் காட்சிகளையும் இதே புலவர் காட்டியுள்ளார். வளமான காலம் என்று நாம் சுட்டும் காலம் எதுவாயினும், அதன் மறுபக்கத்தையும் பார்க்கும் நேர்மை அவரிடம் இருந்தது.

பன்மையினாற் கலக்கம் உண்டாகும் என்பதனைப் பழையோர் அறியாரல்லர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே கோவலன் மதுரையின் கடைவீதிகளைச் சுற்றி வருகின்றான். மணிக்கடையில் நான்கு வகைக் குற்றமும் நீங்கிய வயிரங்கள் உள்ளன. பொற்கடை வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன் விற்கப்படுகின்றது. எவ்விடத்து எப்பொன் உண்டு என்று கலங்கும் வருத்தம் நீங்குமாறு அங்கே வணிகர் கொடி உயர்த்தியிருந்தனர் என்கின்றார் இளங்கோவடிகள். தெரிவின் வருத்தத்திற்கு மருந்தாகப் பொன்வகையைக் குறைக்கவேண்டும் என்று எவரும் அங்குக் கூறவில்லை, கொடி உயர்த்தினர். பட்டினப்பாலையிலும் வணிகர், கொள்வதை மிகையாகக் கொள்ளாது, கொடுப்பதைக் குறைத்துக் கொடாது, விலையை வெளிப்படச் சொல்லி விற்பவராகவே காட்டப்படுகின்றனர். பண்டம் பலவாயினும் சொல் ஒன்றாய் இருப்பின் வாங்குவோன் நெஞ்சு அமைதியுறும்.

அந்தச் சொல் பொய்த்தால் வருவது யாது என்பதனைக் காட்டுவதும் அந்தக் காப்பியமே. நால்வகைப் பொன்னையும் நவமணியையும் கண்டு மகிழ்ந்த கோவலன், கொலைக்களக் காதையிலே ஒரே ஒரு சிலம்பினை விற்க வந்தான். பல கடைகள் உள்ள நகரில் அவன் சென்று பட்டது ஒரு பொற்கொல்லனிடம். அவன் அழிவுக்குப் பண்டங்களின் மிகுதி காரணமன்று. நம்பிய ஒருவனின் பொய்யே காரணம். இதனை நம் காலத்து ஏக்கத்தோடு ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஊருக்கு ஒரு கடை இருந்த காலத்தில் நமக்கு அமைதி தந்தது கடையின் ஒருமை அன்று. கடைக்காரரை நாம் அறிந்திருந்தோம் என்பதே. அவர் கொப்பியில் எழுதிய கடன்கணக்கை நாம் நம்பினோம். நம் சொல்லை அவர் நம்பினார். கடைக்காரர் நேர்மையற்றவராயின், அந்த ஒரே கடையே ஊருக்குக் கொடுஞ்சிறை ஆகியிருக்கும்.

தற்கால உளவியலாரும் இத்துறையில் ஆய்வு நிகழ்த்தியுள்ளனர். 2000 ஆம் ஆண்டு ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. கலிபோணியாவில் ஓர் அங்காடியிலே பழப்பாகு, அஃதாவது ஜாம், சுவை பார்ப்பதற்கு வைக்கப்பட்டது. ஒருகால் 24 வகையும் ஒருகால் 6 வகையும் வைத்தனர். 24 வகை இருந்தபொழுது கூடுதலானோர் நின்று பார்த்தனர். ஆயினும் நின்றவருள் வாங்கியோர் நூற்றுக்கு மூவரே. 6 வகை இருந்தபொழுது நின்றவருள் நூற்றுக்கு முப்பதின்மர் வாங்கினர். 2004 இல் பாரி ஷுவாட்ஸ், தெரிவு மிகுதலே துன்பத்துக்கு ஏதுவாகும் என்னும் கருத்தினை ஒரு நூலாக விரித்தார். பெருமூச்செறிவோருக்கு இவை வலிய சான்றுகளாய்த் தோன்றின.

ஆயின் ஆராய்ச்சி அங்கே நின்றுவிடவில்லை. 2010 இல் ஷைபெகென்னெ என்பாரும் பிறரும் இத்தகைய 50 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, தெரிவு மிகுதியின் தீங்கு சராசரியில் ஏறக்குறையச் சுழியமாகவே நின்றது. சில ஆய்வுகளில் மிகுதி தீங்கு செய்தது. சிலவற்றில் நன்மை செய்தது. 2015 இல் செர்னெவ் என்பாரும் பிறரும், எப்பொழுது தீங்கு நேரும் என்பதனை ஆராய்ந்தனர். பண்டங்கள் ஒன்றோடொன்று ஒப்பிட அரியனவாய்ச் சிக்குண்டு கிடத்தலும், தனக்கு எது வேண்டும் என்பதை வாங்குவோன் அறியாதிருத்தலும் அவர் கூறிய காரணங்களுள் அடங்கும். முதலாவது, கொடியில்லாத பொற்கடை வீதியின் நிலை. இரண்டாவது, பட்டினப்பாலைத் தலைவனுக்கு நேர்மாறான நிலை. புலவர் பாட்டாற் காட்டியதும் ஆய்வாளர் எண்ணாற் காட்டியதும் இவ்விடத்து ஒன்றுபடுகின்றன.

ஜாம் என்றதும் யாழ்ப்பாணத்தார்க்கு நினைவில் எழுவது வேறொன்று. 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெயும் அருமையான நாள்களில், வெறும் ஜாம் போத்தலிற் சிறிது பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்தி அவ்வொளியிற் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சவர்க்காரம் கிடையாதபொழுது பனம்பழக் களியினால் துணி துவைத்தனர். அங்கே ஒரு நாட்டார் 24 வகைப் பாகின் முன் திகைத்தனர். இங்கே நாம் பாகு போன போத்தலையும் போற்றி வைத்தோம். அக்காலத்தை நினைந்து ஏங்குவோரையும் இன்று காண்கின்றோம். அயலார் ஒருவர்க்கொருவர் துணைநின்றதும், ஒரு விளக்கைச் சுற்றி ஒரு குடும்பம் இருந்ததும் உண்மையே. ஆயினும் மருந்தின்றி இறந்தவர், ஏங்குவோர் கூட்டத்தில் வந்து அமர்ந்து தம் கருத்தைச் சொல்வதில்லை. உயிர்பிழைத்தவரின் நினைவே நினைவாக நிற்கின்றது. பண்டு பிற நாட்டுக்கு உணவு அனுப்பியதாகப் பாட்டிற் புகழப்பட்ட ஈழத்திலே, உணவுக்காக வரிசையில் நின்ற மக்களின் எளிமை அவர்கள் தெரிந்துகொண்ட எளிமையன்று. அவர்கள்மேற் சுமத்தப்பட்ட இல்லாமை.

இதற்கு முந்திய 1970 முதல் 1977 வரையான காலமும் இவ்வாறே இருமுகம் உடையது. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையாற் குடாநாட்டு மிளகாய்ச் செய்கையாளரும் வெங்காயச் செய்கையாளரும் செழித்தனர். அவர்தம் வீட்டில் அக்காலம் பொற்காலம். அதே காலத்திற் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றோர் வீட்டில் அது பஞ்சகாலம். 1977 இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபொழுது இரு வீட்டாரின் நிலையும் தலைமாறியது. 2002 இல் ஏ-9 வீதி திறந்ததும், 2006 இல் மூடப்பட்டதும், 2009 இல் மீளத் திறந்ததும், அதன்பின் பேரங்காடிகள் வந்ததும், 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நாடு முழுவதும் மீண்டும் வரிசையில் நின்றதும் நாம் அறிந்தனவே. அரை நூற்றாண்டுக்குள் இல்லாமையையும் மிகுதியையும் மாறிமாறிக் கண்ட நாம், ஒன்றை நற்காலம் என்றும் மற்றதைக் கெட்டகாலம் என்றும் முத்திரையிடத் துணிவோமாயின், 'யார் வீட்டில்?' என்று வினவிய பின்னரே துணிதல் வேண்டும்.

இந்த 'யார்?' என்னும் வினாவை வீட்டினுள்ளும் எழுப்பலாம். எளிய அக்காலத்தில் உரலும் அம்மியும் ஆட்டுக்கல்லும் தாமே சுழலவில்லை. துலாவிலே தண்ணீர் தானே ஏறி வரவில்லை. ஆண்மக்கள் திண்ணையிலிருந்து நினைவுகூரும் எளிமை, அடுக்களையில் நின்ற பெண்மக்களின் தோள்வலியால் நடந்தது. அரைத்த மாவை வாங்குதற்கு வழி பிறந்தபொழுது அதனை முதலில் வாழ்த்தியவர் யார் என்று எந்தப் பாட்டியாரிடமும் கேட்டறியலாம்.

ஊரினுள்ளும் அதே வினா உண்டு. ஊருக்கு ஒரு தேநீர்க்கடை இருந்தது என்கின்றோம். அக்கடையினுள் எல்லாரும் நுழைய முடிந்ததா? தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டோர்க்குப் பேணி மறுக்கப்பட்டு, வெளியே நிறுத்திப் போத்தலில் தேநீர் ஊற்றப்பட்ட காலம் அது. 1957 இற் சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. வந்தும் போதாமையின் 1960 களிலே தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் உட்புகும் உரிமைக்குப் போராட்டங்கள் நிகழ்ந்தன. 1968 இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்தது யாவரும் அறிந்தது. 1972 இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' என்னும் நாவல், நம் எளிய பழங்காலத்தின் மறுபக்கத்தை எழுதிவைத்த ஆவணம். ஒரே கடை, அதன் வாயிலும் அடைப்பு என்று வாழ்ந்தவனுக்கு, பத்துக் கடைகள் வந்து, எதனுள்ளும் காசு கொடுத்து நுழையலாம் என்னும் நிலை கலக்கமன்று. விடுதலையின் ஒரு கூறு. சைவப் பண்பாட்டைப் போற்றும் கல்லூரிகளிற் பயின்ற நாம் இதனை மறவாதிருத்தல் கடப்பாடு. நம் ஏக்கம் பிறனொருவனின் இழிவின்மேல் நிற்குமாயின் அது அறத்தொடு பட்டதாகாது.

அங்ஙனமாயிற் பெருமூச்சு முழுவதும் பொய்யா? அன்று. அதனுள் ஓர் உண்மை உறைகின்றது. பட்டினத்து வணிகன் தன் பண்டத்தின் விலையைச் சொல்லி விற்றான்; வாங்குவோனின் வேண்டுதலை அவன் படைக்கவில்லை. இக்காலத்து விளம்பரமோ, பண்டத்தை ஆக்குமுன்னரே அதற்கான விருப்பத்தை ஆக்க முயல்கின்றது. நேற்று நாம் பார்த்த செருப்பை இன்றும் நம் கைத்தொலைபேசியில் நிறுத்தி, நமக்கு எது வேண்டும் என்னும் உறுதியையே அசைக்கின்றது. ஒரே தொழிற்சாலைப் பொருள் ஐந்து பெயரோடு ஐந்து நிறக் கூட்டில் வரும்பொழுது, கொடி கலக்கம் தீர்ப்பதற்கு மாறாகக் கலக்கம் விளைக்கின்றது. ஆகவே முறையிடவேண்டியது பண்டத்தின் எண்ணிக்கையை நோக்கியன்று. கொடியின் பொய்ம்மையை நோக்கி. 2016 இல் நம் நாட்டிற் குளிர்பானப் போத்தல்களிலே சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்னும் நிறங்களாற் காட்டவேண்டும் என்று விதிக்கப்பட்டது. மதுரைப் பொற்கடை வீதியின் கொடிக்கு இது நேர்வழியில் வந்த உறவு. இத்தகைய கொடிகளை மேலும் வேண்டுதல், கடைகள் குறைந்த காலத்தை வேண்டுதலினும் பயனுடைய முயற்சியாகும்.

மற்ற மருந்து நம் நெஞ்சின்கண் உள்ளது. புறநானூற்றின் 189 ஆம் பாட்டிலே நக்கீரனார், உலகம் முழுதாளும் மன்னனுக்கும் இரவும் பகலும் உறங்காது விலங்கு தேடும் வேட்டுவனுக்கும் உணவின் அளவும் உடையின் அளவும் ஒன்றே என்று காட்டி, செல்வத்தின் பயன் ஈதலே என்று முடிக்கின்றார். எல்லாவற்றையும் தாமே நுகர்வோம் என்பார் பலவற்றை இழப்பர் என்னும் எச்சரிக்கையும் அதனுள் உண்டு. 'அந்தக் காலத்தில் அளவறிந்து வாழ்ந்தனர்' என்று அவர் பழமை பாடவில்லை. பொருள் மலிந்த தம் காலத்து மக்களுக்கே அளவறிதலைக் கூறினார். அளவறிதல் ஒரு காலத்தின் சொத்தன்று. எக்காலத்தும் ஒவ்வொருவரும் புதிதாய்ப் பயிலவேண்டிய பயிற்சி. இல்லாமையாற் குறைவாக வாங்கியவனை அளவறிந்தவன் என்று கூறுதல், பட்டினி கிடந்தவனை நோன்பிருந்தவன் என்று கூறுவது போலாம்.

எழுப்பிய வினாக்கள் மூன்றனுக்கும் இப்பொழுது விடை கூறலாம். ஏங்கப்படும் காலம், தேடிச் செல்லுந்தோறும் பின்வாங்கும் காலம். அதன் எளிமை சிலர்க்கு எளிமையாகவும் பலர்க்குச் சுமையாகவும் இருந்தது. ஏங்குவோர் இழந்ததோ பண்டக் குறைவன்று. இளமையும், உற்றாரும், நம்பத்தக்க சொல்லும், தமக்கு எது பெரிது என்னும் தெளிவுமே. இவற்றுள் முன்னைய இரண்டும் மீளா. அவற்றுக்காக அழுதல் மானிட இயல்பு. அவ்வழுகையை விழுத்தண்டினாரும் பாரி மகளிரும் நமக்கு மதிப்புள்ளதாக்கித் தந்துள்ளனர். பின்னைய இரண்டும் மீட்கத்தக்கன. சொல்லின் வாய்மையைச் சட்டத்தாலும் வணிக ஒழுக்கத்தாலும் மீட்கலாம். நெஞ்சின் தெளிவைக் கல்வியால் மீட்கலாம்.

கல்லூரி என்பது பண்டம் விற்கும் இடமன்று. பண்டங்களின் நடுவே நிற்கப் பயிற்றும் இடம். இங்கிருந்து வெளியேறும் மாணவர், காவிரிப்பூம்பட்டினத்தினும் பெரிய அங்காடியொன்றைத் தம் கைக்குள் அடக்கிக்கொண்டே செல்கின்றனர். அதனை எறிந்துவிட்டு ஒற்றைக் கடையைத் தேடிச் செல்லுமாறு அவர்க்கு நாம் கூறவேண்டியதில்லை. கூறினும் அவர் கேளார். அப்பெருந்தெருவின் முன்னே நின்று, அதன் வனப்பையும் வியந்து, பின்னர்த் தன் நெஞ்சினை நோக்கி 'நீ வாழ்க. நான் வாரேன்' என்று சொல்ல வல்லவனாய் இருந்தான் பழைய பாட்டின் தலைவன். அவ்வாறு சொல்லுதற்கு உரிய ஒன்றை ஒவ்வொரு மாணவரும் தம் வாழ்விற் கண்டடைவாராயின், பண்டங்கள் பல்கிப் பெருகினும் குறைவொன்றுமில்லை.